ட்ரீனா வீட்டுப் போர்

ட்ரீனா ஹூக்ஸ்ட்ரா பள்ளிப் பேருந்து ஓட்டியவர். மேற்கு மிஷிகனில் போர்குலோவைச் சுற்றியுள்ள பண்ணை வீட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் பேருந்தில்தான் வளர்ந்தார்கள். ஒரு நாளும் அவர் சத்தம் போட்டதில்லை. பின்வரிசையில் சண்டை மூண்டால் பிரேக்கில் லேசாக ஒரு தட்டுத் தட்டுவார். எழுந்து நின்ற போக்கிரி தானாக உட்கார்ந்துவிடுவான். கண்ணாடியில் தெரியும் அவர் முகம் மட்டும் ஒரு பாவமும் அறியாத முகமாக இருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு அப்படித் தட்டி உட்கார வைக்க வீட்டில் ஆள் இல்லை. கணவர் ஆர்லின் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பவர்; மகா சிக்கனக்காரர். வீட்டைச் சூடாக்க கேஸ் எதற்கு என்று நிலவறையில் ஹீட் பம்ப் வைத்திருந்தார். எந்தக் குளிரிலும் ஆழ்துளைக் கிணற்றின் போர்த் தண்ணீர் உறைவதில்லை. அதை ஏற்றி உள்ளே விட்டால், அதில் இருக்கிற சூட்டை இயந்திரம் உறிஞ்சி வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, தண்ணீரைப் பின்பக்கக் குட்டைக்கு அனுப்பிவிடும். ஊரே பனியில் புதைந்து கிடக்கும்போது அவர்கள் குட்டையில் வாத்துகள் நீந்தும். ஆனால் இயந்திரத்துக்கென்று தனியாக ஒரு போர் போட ஆர்லினுக்கு மனசு வரவில்லை. குடிக்கிறதுக்கும் குளிக்கிறதுக்கும் இருந்த அதே போர், அதே மோட்டார்.

அந்த டிசம்பரில் ஆர்லினின் அண்ணன் லாம்பர்ட் ஃப்ளோரிடாவிலிருந்து வந்தார். மனைவி மார்ஜை இழந்து தனியாக இருந்தவர். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் என்று வந்தவர், ஜனவரி பாதியிலும் பெட்டியைக் கட்டுவதாக இல்லை. தங்கமான மனிதர்தான். ஆனால் காலையில் மாடிக் குளியலறைக்குள் புகுந்தால், சர்ச்சில் பாடுகிற கோயில் பாட்டு ஒன்றை எல்லாச் சரணங்களோடும் பாடி முடித்தால்தான் கதவு திறக்கும். அதுவரை தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் காலை, மிஷிகன் ஏரிக் காற்று ஜன்னலைப் பிய்த்துக்கொண்டிருந்தது. ஆர்லின் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த சமயம் பார்த்து, ட்ரீனா சுவரில் வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டைத் தாராளமாக ஏற்றினார். கீழே இயந்திரம் முழு வேகத்தில் உறும ஆரம்பித்தது. மாடியில் பாட்டு நடு வரியில் நின்றது. கொஞ்ச நேரத்தில் தலை நிறைய சோப்பு நுரையோடு லாம்பர்ட் இறங்கி வந்தார்.

"ட்ரீனா, போர் வத்திப் போச்சா? மேல நூல் மாதிரி வருது!"

"அப்படியா? இங்க நல்லாத்தானே வந்துச்சு" என்றார் ட்ரீனா. கை அதற்குள் தெர்மோஸ்டாட்டை இறக்கிவிட்டிருந்தது.

மறுநாள் வேண்டுமென்றே செய்தார். மூன்றாவது சரணத்தில் குரல் உச்சிக்குப் போகும் இடத்துக்காகக் காத்திருந்து ஏற்றினார். "ஆ" என்று ஒரு அலறல். இறக்கினார், பாட்டு தொடர்ந்தது. மறுபடி ஏற்றினார். குளியல் நேரம் பாதியாகக் குறைந்தது. ட்ரீனாவுக்கு வேலைக்குத் திரும்பியது போல் இருந்தது.

லாம்பர்ட் ஒன்றும் அப்பாவி இல்லை. ஒரு காலை ஷவரைத் திறந்து விட்டுவிட்டு, குளியலறைக்குள் முதல் வரியைப் பாடிவிட்டு, காலுறையோடு படியிறங்கி வந்து பார்த்தார். தெர்மோஸ்டாட்டில் ட்ரீனாவின் விரல். பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் மேலே போய், குளித்து, வழக்கம்போல அலறிவிட்டும் வந்தார். 

சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் கோயிலுக்காக ட்ரீனா தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தார். ஷாம்பு கண்ணில் வழிகிற நேரத்தில் தண்ணீர் நூலாகியது. துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். கூடத்தில் லாம்பர்ட் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்திருந்தார்.

"லாம்பர்ட்!"

"என்ன ட்ரீனா? போர் வத்திப் போச்சா?"

அதிலிருந்து, ஆர்லின் கண்ணில் மட்டும் படாமல், இருவருக்கும் நேரடி யுத்தம். நடுவில் மாட்டியவர் ஆர்லின். வெளியே முழங்கால் பனி, உள்ளே அவர் பனியனோடு வியர்த்து வழிந்துகொண்டு நடந்தார். இயந்திரத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று முடிவுகட்டி, போர் வேலை பார்க்கிற ராஜர் ப்ளூம்ஸ்மாவை வரவழைத்தார்.

ராஜர் நிலவறையில் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு மேலே வந்தார். "போர்ல தண்ணி இருக்கு, மோட்டார் நல்லா இருக்கு, மெஷின்லயும் கோளாறு இல்ல. யாரோ தெர்மோஸ்டாட்ட ஏத்தி ஏத்தி இறக்குறாங்க, ஆர்லின். மெஷின் முழுசா ஓடுனா தண்ணிய அது இழுத்துக்கும். மேல குளிக்கிறவங்க பாடு திண்டாட்டம்தான்."

ட்ரீனா காபி ஊற்றிக்கொண்டிருந்தார். ராஜர் அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பேருந்துக் கண்ணாடியில் பல வருஷம் பார்த்த முகம்.

"மிசஸ் ஹூக்ஸ்ட்ரா," என்று குரலைத் தாழ்த்தினார், "பழைய பிரேக்குதானா?"

"வாய மூடிட்டுச் சாப்பிடு" என்று பாதாம் ரொட்டியில் இன்னொரு துண்டை அவர் தட்டில் வைத்தார் ட்ரீனா.

ஆர்லின் கோட்டை மாட்டினார். கடைக்குப் போனார், பூட்டுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டியை வாங்கி வந்து தெர்மோஸ்டாட் மேல் மாட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வீடு பழையபடி சில்லிட்டது.

மறுநாள் காலை எதிரிகள் இருவரும் சமையலறையில் கோட்டோடு உட்கார்ந்து பட்டாணி சூப்பைச் சூடு பண்ணிக் குடித்தார்கள்.

"உன்னாலதான்" என்றார் ட்ரீனா.

"ஆரம்பிச்சது யாரு?" லாம்பர்ட் சிரித்தார். பிறகு கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மார்ஜ் போனப்புறம் யாரும் என்கிட்ட வம்பு பண்ணவே இல்ல, ட்ரீனா. எல்லாரும் பாவம் பாவம்னு சாப்பாடு கொண்டாந்து குடுத்துட்டு, மெதுவாக் கதவச் சாத்திட்டுப் போயிடுவாங்க. நீதான் சோப்போட என்னைத் தவிக்க விட்ட."

 ட்ரீனா லாம்பர்ட்டின் கிண்ணத்தில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார்.

பனி உருகியபோது லாம்பர்ட் பக்கத்து ஊரான ஸீலண்டில் ஒரு வீட்டுக்கு வாடகைக்குப் போனார். ஃப்ளோரிடாவுக்குத் திரும்பவில்லை. அடுத்த குளிர்காலத்தில் ஒரு வியாழக்கிழமை, ஆர்லின் கோயில் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம், லாம்பர்ட் கடைப் பை ஒன்றோடு வந்து நின்றார். உள்ளே அதே மாதிரிப் பூட்டுப் பெட்டி.

"இது எதுக்கு இன்னொண்ணு?"

"பெட்டி கெடக்கட்டும். சாவியப் போட்டுப் பாரு. கடைக்காரன் சொன்னான், எல்லாப் பெட்டிக்கும் ஒரே சாவியாம்."

ட்ரீனா தெர்மோஸ்டாட் மேலிருந்த பெட்டியில் போட்டார். திறந்தது. இருவரும் கோட்டைக் கழற்றினார்கள்.