குழாய்க்காரர் வயிற்றில் ஒரு ஜாயின்ட்

எங்கள் தெருவில் குழாய்க்காரரை வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் திட்டு வாங்கவும் தயாராக இருக்க வேண்டும். குழாயை ஒட்டிய பசை காயும்வரை தண்ணீரைத் திறக்கக் கூடாது என்பார். அவசரப்பட்டுத் திறந்தவர் வீட்டுக்கு மறுபடி போகமாட்டார். அழுக்கிலும் ஈரத்திலும் எந்த ஜாயின்ட்டும் நிற்காது என்பது அவருடைய வேதம். குழாய்களுக்கு மட்டும்.

அவருக்கே இரைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்ததும் சர்ஜன் அம்மா படம் வரைந்து காட்டினார். பெரும்பகுதியை வெட்டிவிட்டு, மிச்சத்தைக் குடலோடு தைக்க வேண்டும். தையல் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. புகை, கட்டுக்கடங்காத சர்க்கரை, சரியாகச் சாப்பிடாமல் கரைந்த உடம்பு எல்லாமே தையலுக்கு எதிரிகள் என்றார். குழாய்க்காரர் சக தொழிலாளியைக் கண்டவர்போல் தலையாட்டினார். சிகரெட்டா? விட்டு ரொம்ப நாளாச்சு. சர்க்கரையா? இருக்கிறது, ஆனால் மரியாதையாக இருக்கிறது.

கூட வந்த மனைவி அவருடைய டூல் பையிலிருந்து டேப் டப்பாவை எடுத்து மேசைமேல் கவிழ்த்தார். சிகரெட்டுகள் உருண்டன.

"அடுத்தவங்க வீட்டுக் குழாய்னாதான் இவரு உண்மை பேசுவாரு டாக்டர்."

ஆபரேஷன் சில வாரம் தள்ளிப்போனது. நோயைவிட அதுதான் அவருக்குப் பெரிய அவமானம். மனைவியின் மேற்பார்வையில் சிகரெட் நின்றது, சர்க்கரை இறங்கியது, முட்டையும் பருப்பும் கொஞ்சம் கொஞ்சமாக, முணுமுணுப்போடு உள்ளே போயின.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொல்லும்வரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கூடாது என்று எச்சரித்திருந்தார்கள். மறுநாளே குழாய்க்காரர் பக்கத்துக் கட்டில்காரரின் தண்ணீர் பாட்டிலை எட்டி எடுத்தார். தாகமெல்லாம் இல்லையாம், கசிகிறதா என்று சோதனை பார்க்கத்தானாம். வேலை முடிந்தால் தண்ணீர் விட்டுப் பார்ப்பதுதானே முறை!

மனைவி பாட்டிலைப் பிடுங்கவில்லை. "திறங்க. லீக் ஆச்சுன்னா யாரு வருவா? அவசரப்பட்டுத் திறந்தவங்க வீட்டுக்கு நீங்களே போகமாட்டீங்களே."

குழாய்க்காரர் மூடியை இறுக்கினார், தொழில் பழக்கத்தில் அரைச்சுற்று கூடுதலாக. பக்கத்துக் கட்டில்காரரால் அன்று முழுக்க அதைத் திறக்க முடியவில்லை.

தையல் கசியாமல் நின்றது. டாக்டர் அனுமதித்த முதல் வாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு, வந்தவர் போனவரிடமெல்லாம் குழாய்க்காரர் அடக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஜாயின்ட்டை நல்லா காய விட்டேன்ல."