எலுமிச்சைத் தோட்டத்து மோட்டார்

சங்கரன்கோவிலில் நான் பம்புசெட் மெக்கானிக்காக இருந்த காலத்தில், கடைக்கு வந்த சம்சாரிகள், அதாவது விவசாயிகள், ஒருவரும் சிரித்த முகத்தோடு வந்ததில்லை. அடுத்தவர் எரிச்சலை வாங்கிக் கட்டிக்கொண்டு பிழைப்பு நடத்தியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பழுதில்லாத மோட்டார்

எண்பதுகளில் மழை ஏமாற்றிய ஒரு கோடை. புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், தண்ணீர் இழுக்கவில்லை என்று மோட்டாரை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தேன், பழுதே இல்லை. கூடவே போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தால், தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டிய ஃபுட்வால்வு அந்தரத்தில் தொங்குகிறது. அவருக்குத் தெரியாதா என்ன? என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “மோட்டார்லதான் கோளாறுன்னு வீட்ல சொல்லும்வே. கிணறு வத்திட்டுன்னா அவ தாங்க மாட்டா.”

அண்ணன் தம்பி வேட்டு

அண்ணாச்சி பாறைக்கு வேட்டு வைத்துக் கிணற்றை ஆழப்படுத்தினார். மோட்டாரைக் கீழே இறக்கி மாட்டினேன், தண்ணீர் வந்தது. உடனே பக்கத்துத் தோட்டத்தில் அவர் தம்பியின் கிணறு வற்றியது. தம்பியும் வேட்டு வைத்தார்; இங்கே மறுபடி வற்றியது. இப்படியே மாறி மாறி. மோட்டாரை இறக்க இரண்டு பேருமே என்னைத்தான் கூப்பிட்டார்கள்; இரண்டு பக்கமும் கூலி வாங்கினேன். அண்ணாச்சிக்குத்தான் பொறுக்கவில்லை: “அவன் தோண்டுனா எனக்கு வத்துது, நான் தோண்டுனா அவனுக்கு வத்துது. நடுவுல வேட்டுக்காரன் மச்சு வீடு கட்டிட்டான்வே.”

எந்தப் பக்கம்?

கடைசியில் மோட்டார் கொஞ்ச நேரம் ஓடினாலே காற்றை இழுக்க ஆரம்பித்தது. தண்ணீர் பாதித் தோட்டத்துக்குத்தான் எட்டும். காய்ப்புக்கு வர வருஷக்கணக்காகும் மரங்கள், காய்ந்தால் காய்ந்ததுதான். வாய்க்காலைத் திருப்ப மண்வெட்டியோடு நின்ற அண்ணாச்சியின் மனைவி மேற்கே பார்த்தார், கிழக்கே பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: “அண்ணே, எந்தப் பக்கம் திருப்பணும்னு நீங்களே சொல்லிட்டுப் போங்க. எங்களுக்கு வாய் வரமாட்டேங்கு.”

ஐப்பசி மழை

கிழக்கே கையைக் காட்டினேன். அந்த மரங்களும் பிழைக்கவில்லை. எல்லாம் விறகுக்குப் போயிற்று. மோட்டாரை என்னிடமே விற்றுவிட்டுப் புருஷனும் பெண்சாதியும் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனார்கள். அந்த ஐப்பசியில்தான் மழை கொட்டித் தீர்த்தது. அண்ணாச்சி கடைக்கு வந்தார். மோட்டாரைத் திரும்பக் கேட்பாரோ என்று நினைத்தேன். அதை அதற்குள் விற்றிருந்தேன். அவர் கேட்கவில்லை. “கிணறு தளும்புதுவே. அவ எட்டிப் பாக்கக்கூட மாட்டேங்கா.”

தண்ணீர் வற்றினால் மோட்டாரை இறக்கவும் நிறைந்தால் ஏற்றவும் எனக்குக் கூலி உண்டு. நஷ்டத்தைச் சுமப்பதற்கென்றே எங்கள் பக்கத்தில் சம்சாரி என்று ஒருவரைத் தனியாக வைத்திருக்கிறார்கள்.