கரித்தரையில் இருபது நிமிஷம்

என் பெரிய பேரன் பேங்க் மேனேஜர். சின்னவன் மாநில அளவில் கபடி ஆடியவன். பேத்தி கவிதா, மழையும் வெயிலும் மாறிப்போனால் மலைக்காட்டில் தீ எங்கே, எப்போது பிடிக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். அஞ்சாவதோடு நின்ற எனக்கு அவள் சொன்னதில் பாதிதான் விளங்கியது. மீதியைக் கண்ணால் பார்க்கலாம் என்று போன பங்குனியில் அவளோடு கொல்லிமலை ஏறினேன்.

நாமக்கல்லில் காலை ஆறு மணிக்குக் கார், வாடகை 2,800 ரூபாய். காளப்பநாயக்கன்பட்டியில் இட்லி, இரண்டு பேருக்கு 90. ஒன்பதுக்கு வளப்பூர் நாடு.

மிளகுத் தோட்டக்காரி பாப்பாத்தி எங்களைச் சரிவில் கூட்டிப்போனாள். ஒரு கிலோமீட்டர்தான், என் முழங்காலுக்கு அது பத்து. கவிதா சருகைப் பொறுக்கி எடை போட்டாள், ஈரம் தெரியுமாம். வானத்திலிருந்து எடுத்த படத்தைப் போனில் காட்டி, "இந்தக் கறுப்பெல்லாம் காட்டுத்தீ எரிச்ச இடம். இங்கதான் அதிகம்" என்றாள்.

பாப்பாத்தி வாய் திறக்குமுன் கீழே புகை. மணி பதினொன்றே கால். வெயில் ஏறினால் காற்று மேல்நோக்கி வீசும், தீயும் கூடவே ஏறும். புல் சடசடவென்று வெடித்தது. "மேல ஓடலாம் அம்மாயி" என்று கவிதா என் கையை இழுத்தாள்.

"அம்மாயி காலுக்கு ஆவாது கண்ணு. தீ முந்திக்கும்" என்ற பாப்பாத்தி, தீப்பெட்டியை எடுத்து எங்களுக்கு மேலே நின்ற புல்லில் பற்றவைத்தாள்.

இப்போது இரண்டு பக்கமும் தீ. "உனக்குக் கிறுக்கா?" என்றேன்.

"கிறுக்குத்தானுங்க. சேலையைத் தூக்கிச் சொருகிட்டு வாங்க."

அவள் வைத்த தீ மேலே ஓடி மண் ரோட்டில் அடங்கியது. அது எரித்துவிட்டுப் போன கரித்தரையில் ஏறி நின்றோம். செருப்பு சுட்டது. கவிதா என்னைக் கட்டிக்கொண்டாள். கீழிருந்து வந்த தீ கரியின் ஓரம்வரை வந்து, தின்ன ஒன்றுமில்லாமல் இரண்டாகப் பிரிந்து போனது. இருபது நிமிஷம்.

"கண்ணு," என்றாள் பாப்பாத்தி, "உன் படத்துல பாதிக் கறுப்பு நாங்க வச்ச தீ. தையில தோட்டத்தைச் சுத்திப் புல்லை எரிச்சுட்டா பெருந்தீ உள்ள வராது. இந்த வருசம் பனியே இல்ல, புல்லு முந்திக் காஞ்சுருச்சு. வைக்கப் பயந்து உட்டுட்டோம்."

கவிதா போனை எடுத்து அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தாள். தீ வைத்துக் காவல் காத்த இடத்தையே ஆபத்து அதிகம் என்று இரண்டு வருஷமாக எழுதியிருக்கிறாள். ஊர் திரும்பியதும் தன் வாத்தியாரிடம் தானே போய்த் தப்பைச் சொன்னாள். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகுது. எனக்கு அதிலும் பெருமைதான்.

மாசியிலிருந்து சித்திரைவரை போகிறவர்கள் நைலான் துணி வேண்டாம், நூல் துணி உடுத்துங்கள். உள்ளூர் ஆள் இல்லாமல் சரிவில் இறங்காதீர்கள். தீப்பெட்டி வித்தையை நீங்கள் செய்து பார்க்காதீர்கள்.

கவிதா கண்ணு, பேஸ்புக்கில் இன்னும் அந்தப் பழைய காலேஜ் படந்தான் இருக்குது. முகமெல்லாம் கரியோடு உன்னைப் பாப்பாத்தி படம் எடுத்தாளே, அதைப் போடு சாமி.