தறி நின்ற தெருவில் ஆல்பா அலை

முதல் நாளே எங்கள் மெஷின் மானத்தை வாங்கியது. எண்பதுகளின் தொடக்கம். நான் இ.இ.ஜி. டெக்னீஷியன்; தலையில் எலெக்ட்ரோடு ஒட்டி மூளை அலையைப் பேப்பரில் பதிவெடுப்பது என் வேலை. பரீட்சை என்றாலே பயந்து படித்ததெல்லாம் மறந்துபோகிற பிள்ளைகளுக்கு மூளை அலை எப்படி ஓடுகிறது, மனத்தைத் தளர்த்தும் பயிற்சி கொடுத்தால் அது எப்படி மாறுகிறது என்று பார்க்க, எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஆரணியில் கேம்ப் போட்டார். நெசவாளர் தெருவில் இருந்த சங்கக் கூடத்தில் மெஷினை இறக்கினோம்.

முதலில் வந்தவள் கோமதி. பத்தாவதில் ஒரு முறை தவறியவள். கூட வந்த அப்பா பட்டு நெய்கிறவர்.

"இந்த வாட்டியும் கோட்டை வுட்டா தறியில குந்த வெச்சிடுவேங்க. இது டீச்சராவப் போறேன்னு கனா கண்டுகினு கீது."

கோமதி தலை நிமிரவில்லை. பேஸ்ட் தடவி எலெக்ட்ரோடுகளை ஒட்டினேன். தறிச் சத்தம் பயிற்சிக்கு இடைஞ்சல் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியனுப்பியிருந்தார். தெருக்காரர்கள் மரியாதைக்குக் கட்டுப்பட்டு, குறித்த நேரத்துக்கு எல்லாத் தறிகளையும் நிறுத்தினார்கள். அதைக் கோமதியிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"கண்ண மூடிக்கோம்மா. மூச்ச மெதுவா விடு. உடம்பெல்லாம் லேசாகுதுன்னு நெனச்சுக்கோ."

டாக்டரம்மாவின் குரலில் எனக்கே கண் சொக்கியது. ஜன்னல் வெயில் தரையில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அலையை வரையும் மெஷின் பேனாக்கள் மட்டும் பேயாட்டம் ஆடின. கண்ணை மூடி ஓய்ந்தால் வரவேண்டிய ஆல்பா அலையைக் காணோம். நெற்றித் தசை இறுகிய கிறுக்கல்தான் பேப்பர் முழுக்க. "ரிலாக்ஸ் பண்ணு" என்று சொல்லச் சொல்ல இன்னும் மோசமாயிற்று.

கோமதி சட்டென்று கண்ணைத் திறந்தாள். "யாரு மேடம் செத்துட்டாங்க?"

அவள் அப்பாதான் விளக்கினார். "சாவு வுழுந்தாதாங்க எங்க தெருவுல அத்தினி தறியும் ஒண்ணா நிக்கும். பொணம் எடுக்கற வரிக்கும் ஒருத்தரும் நெய்ய மாட்டாங்க."

டாக்டரம்மா கோமதியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார். "பரீட்ச ஹால்ல எப்படிம்மா இருக்கும்?"

"அது ஊருக்கு வெளிய பெரிய ஸ்கூலு மேடம். ஒரு சத்தமும் வராது. பேப்பர கையில வாங்குனதும், எங்கம்மா போன அன்னிக்கு எங்க தெருவு இருந்தாப்புலயே இருக்கும்."

அவள் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தறிகளை ஓட்டச் சொல்லி ஆளனுப்பினோம். எங்கோ ஒரு தறி தட்டியது. பக்கத்து வீட்டில் இன்னொன்று. மழை பிடிப்பதுபோல் தெரு முழுக்கச் சத்தம் பரவியது. கோமதியின் இமை தானாக மூடிக்கொண்டது. பேப்பரில் ஆல்பா அலை எழுந்து, விழுந்து, சீராக ஓடியது. அத்தனை அழகான ரெக்கார்டை நான் அதுவரை எடுத்ததில்லை.

டாக்டரம்மா பயிற்சியையே மாற்றினார். சத்தமில்லாத இடத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சின் தாளத்துக்குத் தன் தெருத் தறிகளை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். பரீட்சை வரும்வரை கோமதி தினமும் அதைச் செய்தாள்.

இன்றைக்கு எலெக்ட்ரோடு ஒட்டப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அமைதியாக இரு என்று சொல்லுமுன், அந்தத் தலைக்கு எது அமைதி என்று கேளுங்கள்.

ரிசல்ட் வந்ததும் கோமதி அப்பாவோடு இனிப்பு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஹாலில் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"எங்க தெருவு உள்ள ஓடிகினே இருந்துச்சி சார்" என்றாள். "யாரும் சாவல."