தண்ணீர் கொண்டுவந்த பகை

பெரியண்ணன் சாணக்யபுரியில் ஒரு தூதரகத்தின் கார் ஓட்டுநர். மன்னர் ஆளும் நாடு அது. உலகத்துச் சன்னி முஸ்லிம்களுக்கெல்லாம் தானே தலைமை என்று நினைக்கும் நாடு. அவருடைய சகலை ஐயப்பன் கொஞ்சம் தள்ளி இன்னொரு தூதரகத்தில் ஓட்டினார். அது மதகுருமார் ஆளும் குடியரசு. ஷியாக்களுக்குத் தானே காவல் என்று நினைக்கும் நாடு. அக்காவையும் தங்கையையும் கட்டிய இருவரும் விழுப்புரத்துப் பக்கம். தில்லியில் வாய்க்காலோரத் தமிழர் குடியிருப்பில் எதிரெதிர் வீடு. வளைகுடாவின் இரண்டு கரையும் ஒரே சந்தில் குடியிருந்த விஷயம் இரண்டு அரசாங்கத்துக்கும் தெரியாது.

2016 ஜனவரியில் இரண்டு நாடுகளும் உறவை முறித்துக்கொண்டன. இரண்டு நாள் கழித்துப் பெரியண்ணனை அழைத்தார் தூதரகத்தின் இரண்டாம் செயலாளர். இந்தியைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துக் கற்றவர்.

"அந்த ஆட்களின் கார் எங்கே போகிறது, யார் ஏறுகிறார்கள், எல்லாம் எனக்குத் தினமும் சொல்ல வேண்டும். யாருக்கும் தெரியக் கூடாது."

அந்த ரகசியத்தைப் பெரியண்ணன் சாயங்காலம் ஐந்து மணி வரை கட்டிக் காத்தார். ஐந்தேகாலுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் வாசலில் ஐயப்பனிடம் சொல்லிவிட்டார்.

ஐயப்பனுக்கு டீ புரை ஏறியது. "எங்காளும் அதையேதான் சொன்னாரு சகல. உன் வண்டிய நான் பாக்கணுமாம்."

"அப்ப நீ என்னப் பாரு, நான் உன்னப் பாக்கறேன். டீ ஆறுது, குடி."

அன்றிலிருந்து ஐயப்பன் தன்னைப் பற்றித் தானே சொல்ல, பெரியண்ணன் கேட்டுக்கொள்வார். பிறகு முறை மாறும். உளவு பார்க்கப்படுகிறவரே சரிபார்த்துக் கொடுத்த அறிக்கைகள் என்பதால் அவற்றில் ஒரு பிழையும் இருக்காது. அதுதான் சங்கடமாகப் போயிற்று. வெளியுறவு அமைச்சகம், கிளப், பல் டாக்டர், வீடு. திரும்பவும் பல் டாக்டர்.

"எந்தப் பல்?" என்று செயலாளர் கவலையோடு கேட்டார்.

உருப்படியாக எதுவும் கிடைக்காததில் அவர் முகம் நாளுக்கு நாள் வாடியது. பெரியண்ணனுக்கே பாவமாக இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஐயப்பன், மனைவி முத்துமாரியையும் ஒரு மூட்டை இட்லி அரிசியையும் தூதரகக் காரிலேயே கொண்டுவந்து குடியிருப்பில் இறக்கினார். மறுநாள் பெரியண்ணன் அரிசியையும் முத்துமாரியையும் விட்டுவிட்டு மிச்சத்தைச் சொன்னார். அவர்கள் கார் எங்கள் குடியிருப்புக்கு வந்தது.

செயலாளர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அங்கே முஸ்லிம்கள் இருக்கிறார்களா?"

"நாலு வீடு இருக்கு சார்."

"சன்னியா? ஷியாவா?"

பெரியண்ணன் யோசித்தார். "ஆம்பூர் சார்."

செயலாளர் அதை எழுதிக்கொண்டார். என்ன எழுதினார், அது எந்தத் தலைநகரத்தில் எந்த மேஜைக்குப் போனது என்பது தெரியாது. மூன்றாவது வாரம் மன்னரின் அன்பளிப்பாகக் குடியிருப்பின் முகப்பில் வடிகட்டியோடு கூடிய ஒரு பெரிய குடிநீர்க் கூலர் வந்து இறங்கியது. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு அடித்துக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பிளந்தார்கள். ஐயப்பன் கடமை தவறாதவர். அதைத் தன் ஆளிடம் சொன்னார். அடுத்த மாதம் குடியரசின் சார்பில் வாரம் இரண்டு நாள் மருந்து வண்டி வந்தது. மன்னர் பின்வாங்குவாரா? இரண்டாவது கூலர். ஆம்பூர்க்காரர்கள் நாலு வீட்டுக்கும் தாங்கள் எப்பேர்ப்பட்ட போர்முனையில் குடியிருக்கிறோம் என்பது கடைசிவரை தெரியவில்லை. மாத்திரை நன்றாகக் கேட்கிறது என்றார்கள்.

ஒருநாள் ஏதோ ஒரு நாட்டின் தேசிய தின விருந்து. உள்ளே இரண்டு தூதர்களும் மண்டபத்தின் இரண்டு மூலைகளில் நின்று, ஒருவரை ஒருவர் பார்க்காமலிருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே ஓட்டுநர்கள் அறையில் டிவி ஓடியது. இடிந்த ஆஸ்பத்திரி. புழுதி மூடிய ஒரு குழந்தையை ஒருவன் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"எந்தூருடா இது?" என்றார் பெரியண்ணன்.

"ஏமன்."

"யாருக்கும் யாருக்கும் சண்ட?"

ஐயப்பன் சமோசாவைத் தட்டில் வைத்தார். "நம்ம ரெண்டு பேருக்குந்தான்னு பேசிக்கிறாங்க சகல."

மறுநாள் பெரியண்ணன், பார்க்க ஒன்றுமில்லை என்று மட்டும் சொன்னார். செயலாளர், நன்றாகத் தேடு என்றார்.

2023 மார்ச்சில் பெய்ஜிங்கில் இரண்டு நாடுகளும் கைகுலுக்கின. அதற்குள் செயலாளரும் மாறியிருந்தார். புதியவர் பெரியண்ணனிடம் இனிமேல் அறிக்கை வேண்டாம் என்றார். "அவர்கள் நம் சகோதரர்கள்."

எனக்கு ஏழு வருசத்துக்கு முன்னாலேயே சகலை என்று சொல்ல வந்ததைப் பெரியண்ணன் அடக்கிக்கொண்டார்.

சகோதரத்துவம் முதல் மாதமே வேலையைக் காட்டியது. மருந்து வண்டி நின்றது. மே மாத வெயிலில் இரண்டு கூலர்களும் அடுத்தடுத்துப் பழுதாயின. கேட்கப் போனால், அது பழைய கொள்கை, அவர்களிடம் கேள் என்றார் செயலாளர். ஐயப்பன் கேட்டதற்கும் அந்தப் பக்கம் அதே பதில். ஏழு வருடத்தில் இரண்டு தூதரகமும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான்.

பெரியண்ணன் மனைவி ராஜாத்தி காலிக் குடத்தைப் புருஷன் முன்னால் வைத்தாள். "சண்ட போட்டப்ப தண்ணி வந்துச்சு. ராசியானதும் நாக்கு வறளுது. போயி மறுபடி மூட்டிவுடு."

"அண்ணி சொல்றது சரிதான்," என்றார் ஐயப்பன். "மூணாவதா ஒரு நாட்டுக் கொடி போட்ட வண்டி இங்க வந்து போச்சுன்னு சொல்லு. ஜல்தியா வேல நடக்கும்."

நல்ல யோசனைதான். பெரியண்ணன் வழியெல்லாம் அந்தப் பொய்யைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். செயலாளர் முன்னால் நின்றதும், அன்று டிவியில் பார்த்த குழந்தையின் புழுதி மூடிய முகம் கண்ணில் வந்து நின்றது.

"சார், எங்க ஜனங்களுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல," என்றார். அவ்வளவுதான் வந்தது.

செயலாளர் மிகுந்த வருத்தத்தோடு அதைப் போனில் குறித்துக்கொண்டார். உண்மையை மட்டும் சொன்னால் என்ன கிடைக்குமோ, அது கிடைத்தது.

"ஒரு பொய் சொல்ல வாய் வரல, நீயெல்லாம் ஏழு வருசம் உளவாளி," என்று ஐயப்பன் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். கூலர்களின் நெற்றியில் கொடையாளியின் பெருமையைச் சொல்லும் கனமான பித்தளைப் பலகைகள் இருந்தன. ராஜாத்தியும் முத்துமாரியும் அவற்றைக் கழற்றி, பழைய பாத்திரக்காரரிடம் போட்டு, வந்த காசை மெக்கானிக்குக்குக் கொடுத்தார்கள். ஒரு கூலர் பிழைத்தது. இன்னொன்றை அதற்கே உதிரி பாகமாக்கினார்கள்.

சில வாரம் கழித்து, சகோதரத்துவ ஆண்டறிக்கைக்குப் படம் வேண்டுமென்று செயலாளரே கேமராவோடு வந்தார். பலகை இருந்த இடத்தில் நாலு ஓட்டை.

"யார் எடுத்தது?"

"தெரியல சார். யாரையாவது வெச்சுப் பாக்கச் சொல்லட்டுமா?" என்றார் பெரியண்ணன்.

செயலாளர் அவசரமாக, வேண்டாம் என்றார். ஓட்டைகளுக்கு முன்னால் முத்துமாரியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். வெயில் அதிகமாக இருந்ததால் செயலாளரும் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.