உள்ளிருந்து வாசலுக்கு

எங்கள் அருங்காட்சியகத்தில் அவளை எல்லோரும் வாளியக்கா என்றுதான் கூப்பிடுவோம். இருபத்திரண்டு வருடமாக ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் மாப். நான் வாசலில் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பவள். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் வேலை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நாற்காலிதான் எல்லாம்.

அக்காவின் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. "இனிமே நின்னு செய்யற வேலை ஆகாதும்மா, உக்காந்து பாக்கற வேலையா தேடிக்குங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்லுகிறவருக்கு என்ன, வாயா வலிக்கப் போகிறது? வீட்டில் முதுகு பிடித்துப் படுத்திருக்கும் கணவர், பழைய லாரி டிரைவர். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. படி திரும்பும் இடத்திலெல்லாம் காய்கறிப் பையை இறக்கி வைத்து, மூச்சு வாங்கிவிட்டு ஏறுவாள். கதவைத் திறந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "ஏன் இவ்வளவு நேரம்?" அவள் நேராக அடுப்படிக்குப் போய்விடுவாள்.

போன வருடம் அறைக் காவலர் வேலை ஒன்று காலியானது. மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாரும் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். உள்ளே வேலை செய்கிறவர்களுக்கே கொடுப்பார்கள், ஆனால் எழுத்துத் தேர்வு உண்டு. அக்காவுக்கு அதற்கடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் ஓய்வு பெறும் வரை வாளிதான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் பாடம் எடுத்தேன். பாடம் என்ன பாடம், கவுன்டரில் விற்கும் கையேட்டை வாசித்துக் காட்டினேன். எங்களிடம் இருப்பது மூன்றே அறைகள், ஒன்றுக்குள் ஒன்றாக. நுழைந்த வழியேதான் வெளியே வரவேண்டும். வாசலை ஒட்டி கிரேக்க, ரோமானியச் செவ்வியல் காலச் சிலைகள். நடுவில், பின்னணியில் தங்கம் பூசிய இடைக்காலத்து மரப்பலகை ஓவியங்கள். உள்ளே கடைசியில் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால ஓவியங்கள். அக்காவுக்கு அவை சிலை ரூம், தங்க ரூம், தரை ரூம். வருடக் கணக்கு வந்த பக்கங்களை நான் தாண்டிவிட்டேன். சாப்பிட்ட பிறகு அந்த எண்களைக் கேட்டால் யாருக்கும் தூக்கம் வரும்.

ஆனால் பார்த்த கண் பார்த்த கண்தான். "சிலைங்களைப் பாரேன், பாதிக்கு மேல ஒரு கால்ல பாரத்தைப் போட்டுட்டு இன்னொண்ணை லேசா மடிச்சு நிக்குது. முட்டி வலிக்கறவங்க அப்படித்தான் நிப்பாங்க" என்றாள். தங்க ரூமைப் பற்றிக் கேட்டேன். "முக்கியமான ஆளு பெருசு, மத்தவங்கெல்லாம் பொடிசு. நம்ம ஆபீஸ் மாதிரி." தரை ரூமில் பெரிய படம் ஒன்று உண்டு. அதில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை உள்ளே, இன்னும் உள்ளே என்று குறுகிக்கொண்டே போகும். அதைப் பற்றி அக்கா சொன்னது ஒன்றுதான்: "துடைக்கணும்னா அரை நாள் ஆகும்."

இவள் தேறிவிடுவாள் என்று நான் நம்பினேன். தேர்வு முடிந்து வந்தவளும், "எல்லாத்தையும் எழுதிட்டேண்டி" என்று சொல்லி, வெகுநாள் கழித்துச் சிரித்தாள்.

இரண்டு வாரம் கழித்து, ஆபீஸ் குமாஸ்தா ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு டீ குடிக்கும் இடத்தில் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். சுற்றி நாலு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கேள்வி, மூன்று காலத்துக் கலைப் பாணிகளையும் ஒப்பிட்டு எழுதுக. இருபது மார்க். விடை அக்காவினுடையது.

"முதலில் மனிதர்கள் நன்றாக வரைந்தார்கள். வெளிச்சம் ஜன்னல் வழியாக ஒரு பக்கமிருந்து விழும். தரை தூரமாகப் போகும். ஒவ்வொரு மூஞ்சியும் வேறு வேறு, பக்கத்து வீட்டுக்காரர்களைப் போல. பிறகு அவர்களுக்குக் களைப்பு வந்துவிட்டது. தூரத்தையும் நிழலையும் விட்டுவிட்டுப் பின்னால் முழுக்கத் தங்கத்தைப் பூசினார்கள். எல்லோருக்கும் ஒரே மூஞ்சி. கைக்குழந்தைக்குக்கூடக் கிழவன் மூஞ்சி. கடைசியில் அதற்கும் தெம்பில்லை. நிறமே போய்விட்டது. கண்ணுக்குக் கருவிழி வைக்கவில்லை. கை உடைந்து, மூக்கு விழுந்து, வெறும் கல்லாக நின்றுவிட்டார்கள். ஒரு காலத்தில் நல்ல உடம்பு என்று மட்டும் தெரிகிறது."

பக்கத்தில் சிவப்பு மையில் பூஜ்யம். மொத்தத்தில் நாலு மார்க் குறைந்து தேர்வு போய்விட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடுத்தவங்க பேப்பரைப் படிச்சு இளிக்க வெக்கமா இல்ல?" என்று தாளைப் பிடுங்கிக்கொண்டேன். கோபத்தில் பாதி என்மேல்தான். மாப் போடுகிறவர்கள் உள்ளிருந்து ஆரம்பித்து வாசலுக்கு வருவார்கள், ஈரத்தை மிதிக்காமல் இருக்க. இருபத்திரண்டு வருடமாக அக்காவின் காலை தரை ரூமில் தொடங்கி, தங்க ரூம் வழியாக, சிலை ரூமில் முடிகிறது. அங்கே வந்து சேரும்போது அவளுக்கும் முட்டி போயிருக்கும். எது முன்னே எது பின்னே என்று அவளுக்குச் சொல்ல வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

மாப்பைப் பிழிந்துகொண்டிருந்தவளிடம் போய்ச் சொன்னேன். "அக்கா, சிலைதான் முதல்ல. தங்கம் அப்புறம். நீங்க முதல்ல எழுதினதுதான் கடைசியா வந்தது."

அவள் தாளை வாங்கிப் பார்க்கவில்லை. மாப்பை இன்னொரு தடவை பிழிந்தாள்.

"அப்ப போகப் போகத் தேறிட்டாங்களா?"

"புக்குல அப்படித்தான் போட்டிருக்கு."

"நான் எல்லாரும் என்னை மாதிரின்னு நெனச்சுட்டேன்" என்றாள். அழுதது நான்தான். "நீ ஏன் இப்ப மூக்கைச் சிந்தற, நான்தானே துடைக்கணும்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை நான் வந்தபோது அக்காவைக் காணோம். வாசலிலிருந்து பார்த்தால் சிலை ரூம் முழுக்க ஈரம், அதற்கப்பால் தங்க ரூமும் ஈரம். எட்டிப் பார்த்தேன். தரை ரூமில், அந்தக் கட்டம் போட்ட படத்துக்கு எதிரே, வந்து பார்க்கிறவர்களுக்கான பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஊழியர்கள் அதில் உட்காரக் கூடாது.

"என்னக்கா, மாட்டிக்கிட்டீங்களா?"

"மாட்டிக்கிட்டேன்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "வரிசை தப்புன்னுதானே ஃபெயில் பண்ணாங்க? இன்னிக்கு சரியான வரிசையில துடைச்சேன். இப்ப ஈரத்தை மிதிக்காம எப்படி வர்றது?"

அப்போது பார்த்து மேலதிகாரி வந்துவிட்டார். பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ. உள்ளே காலெடுத்து வைக்கப் போனவரை நான் எழுந்து மறித்தேன்.

"தரை ஈரம் சார். வழுக்கும். காய இருபது நிமிஷம் ஆகும்."

அவர் தரையைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், மாடிக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் இப்படித்தான் நடக்கிறது. உண்மையில் எட்டு நிமிடத்தில் காய்ந்துவிடும்.