எடிட்டிங்ல இருக்குண்ணே

கௌதம்ராஜுக்குக் கல்யாண வீடு என்றாலே கசப்பு. ராஜபாளையத்தில் போட்டோ ஸ்டூடியோ வேலைக்குச் சேர்ந்த நாலு வருஷமும் மாலையையும் மொய்யையும்தான் எடுத்துத் தள்ளினான். அவனுக்குக் கிறுக்கெல்லாம் கச்சேரி மேடை மேல்தான். பாடுகிறவர் கண்ணை மூடும் நொடி, கீபோர்டுக்காரர் உதட்டைக் கடிக்கும் நொடி, அதையெல்லாம் பிடிக்க வேண்டும். அதற்காகவே பழைய கேமரா ஒன்றை வாங்கி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கோயிலின் பங்குனிப் பொங்கல் கமிட்டியிடம், "சும்மாவே எடுத்துத் தாரேன்" என்று கெஞ்சிக் கூத்தாடி இடம் பிடித்தான்.

அன்றைய இன்னிசைக் குழுவில் டோலக் வாசித்தவர் வத்திராயிருப்பு சுயம்புலிங்கம். முப்பது வருஷமாகப் பாடகர் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்தவர். மேடை ஏறுமுன் கௌதம்ராஜைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, நான் வாசிக்கும்போது மூஞ்சி தெரியிற மாதிரி ஒண்ணே ஒண்ணு எடுத்துத் தாங்க. இம்புட்டு வருசத்துல எங்கிட்ட ஒரு படம் கிடையாது."

எடுத்தான். மேடை ஓரத்தில் மண்டியிட்டு, சுயம்புலிங்கம் தலையைச் சாய்த்துச் சிரித்தபடி வாசிக்கும் ஏழெட்டுப் படங்கள். அவன் அதுவரை எடுத்ததிலேயே அவைதான் உருப்படி.

நம் ஊர்க் கச்சேரியில் பாட்டு நாலு என்றால் பொன்னாடை நாற்பது. பாட்டை நிறுத்தி நிறுத்தி நன்கொடையாளர் பெயரை வாசித்தார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் படம் வேண்டும். ஒன்று விட்டாலும் அடுத்த வருஷம் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. நடுவில் கேமராவின் மெமரி கார்டு நிரம்பிவிட்டது. வேறு கார்டும் இல்லை. கமிட்டித் தலைவர் வைகுண்டராஜ் துண்டை விரித்தபடி நின்று, "ஏலே, எங்கல பாத்துக்கிட்டிருக்க?" என்றார். பதறிப்போனவன் டோலக் படங்களை அழித்தான். அடுத்த பாட்டில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தான். அடுத்த பாட்டு எங்கே வந்தது? பத்து மணி ஆயிற்றென்று மைக்கை நிறுத்திவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து சுயம்புலிங்கம் போனில் கேட்டார். "எடிட்டிங்ல இருக்குண்ணே" என்றான். சித்திரையில் கேட்டார், எடிட்டிங். ஆடியில் கேட்டார், எடிட்டிங். "நல்லாச் செஞ்சு தாங்க தம்பி, அவசரமில்ல" என்று அந்த மனுஷர் சொல்லும்போதெல்லாம் இவன் அவசரமாகப் போனை வைத்தான். அப்போதாவது சொன்னானா? சொல்லவில்லை, கோழைப் பயல்.

ஐப்பசியில் நெஞ்சுவலி வந்து சுயம்புலிங்கம் போய்ச் சேர்ந்தார். கௌதம்ராஜ் வத்திராயிருப்புக்கு ஓடினான். வாசலில் கட்டிய பேனரில் ஆதார் கார்டுப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். சிரிப்பே இல்லாத, யாரோ ஒருவருடைய முகம். அவர் மனைவி இசக்கியம்மாள், குழுக்காரர் ஒருவர் இவனைக் காட்டியதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"எடிட்டிங் முடிஞ்சிருச்சா தம்பி? பதினாறாம் நாளைக்காவது அத மாட்டணும். அவிய சொல்லிக்கிட்டே இருந்தாவ."

கௌதம்ராஜ் அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினான். கார்டு நிரம்பியதை, அழித்ததை, ஏழு மாதமாகப் பொய் சொன்னதை. திட்டுவாள், செருப்பைக் கழற்றுவாள் என்று காத்திருந்தான்.

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா தம்பி" என்றாள். "அதுக்குப் பொறவு எத்தன கச்சேரிக்குப் போனாவ. இன்னொருக்கா வாசிச்சுக் காட்டிருப்பாவளே."